நாள் வாடகை வீட்டின் உள்வேலை: மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்துக்கு முழுமையான வழிகாட்டி

கல்லடியில் இருந்த எங்கள் பழைய வீட்டை விடுமுறைக்கு வருவோருக்கு நாள் வாடகைக்கு விடுவது என்று முடிவானதும், நான் முதலில் வாங்கியது ஒரு சோபா செட். முதல் சீசன் முடிவதற்குள் அதன் துணியில் கடல் மணலும் ஈர வாடையும் ஏறிவிட்டன. பிறகு பாசிக்குடாவிலும் பொத்துவிலிலும் தெரிந்தவர்களின் வீடுகளுக்கு உள்வேலை செய்து கொடுத்தேன். புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஏறக்குறைய ஒரே இடங்களில்தான் இடறுகிறார்கள். அவர்கள் வாங்கும் பொருள் பெரும்பாலும் நல்லதாகவே இருக்கும். வாங்கும் வரிசைதான் பிழையாகிறது.

இந்த வீட்டில் ஒரு குடும்பம் காலை 11 மணிக்குப் புறப்படும். அடுத்த குடும்பம் பிற்பகல் 2 மணிக்குப் பெட்டியோடு வாசலில் நிற்கும். நடுவில் இருக்கிற 3 மணி நேரத்தில் ஒருவரோ இருவரோ முழு வீட்டையும் புதிதாக்க வேண்டும். கீழே சொல்லும் எல்லாமே இந்த 3 மணி நேரத்தை மனதில் வைத்துச் சொல்வதுதான்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை: அளவு நாடா, சோக்கட்டி, ஒரு கொப்பி, நம்பிக்கையான வயரிங்காரரும் பிளம்பரும், துப்புரவுக்கு வரப்போகிறவரின் சம்மதம். கடைசியாகச் சொன்னதைப் பலர் வீடு முடிந்த பிறகே தேடுகிறார்கள். அவரை முதலிலேயே கூட்டி வந்து வீட்டைக் காட்டுங்கள். சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் எந்த வகையில் பதியப் போகிறீர்கள், அதற்கு அறைகளில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சுவரை உடைத்த பிறகு கேட்டால் செலவு இரண்டு மடங்கு.

1. யார் வந்து தங்குவார்கள் என்று முடிவு செய்யுங்கள்

"எல்லோருக்கும் பொதுவாக" என்று அமைத்த வீடு ஒருவருக்கும் சரியாகப் பொருந்தாது. நம் கரையில் மூன்று வகையானவர்கள் வருகிறார்கள்.

மட்டக்களப்பு நகரிலும் கல்லடியிலும் கொழும்பு, கண்டிப் பக்கத்துக் குடும்பங்கள், கனடாவிலும் லண்டனிலும் இருந்து ஊர் பார்க்க வரும் நம்மவர்கள், வேலை நிமித்தம் வருவோர். ஒரே வீட்டில் பாட்டி முதல் கைக்குழந்தை வரை இருப்பார்கள். சமைப்பார்கள். இவர்களுக்குக் குசினியும், படி ஏறாமல் போகக்கூடிய ஒரு படுக்கையறையும் முக்கியம்.

பாசிக்குடாவில் கடல் ஆழமில்லாமல் அமைதியாக இருப்பதால் சிறு பிள்ளைகளோடு வருவோர் அதிகம். நாள் முழுவதும் ஈர உடுப்போடு வீட்டுக்குள் வந்து போவார்கள். இங்கே தரையும் குளியலறையும் வேலையைக் கேட்கும்.

அறுகம்பே பக்கம் அலைச்சறுக்குக்கு வருவோர் ஒரு வாரம், இரண்டு வாரம் என்று தங்குவார்கள். அறை சின்னதாக இருந்தாலும் பொருட்படுத்த மாட்டார்கள். பலகை வைக்க இடம், துணி உலர்த்தக் கொடி, நல்ல காற்று, நல்ல படுக்கை இருக்க வேண்டும்.

உங்கள் வீட்டுக்கு யார் என்று கொப்பியில் ஒரே வரியில் எழுதுங்கள். பக்கத்தில் எத்தனை பேர் என்று எண்ணையும் எழுதுங்கள். கட்டில், கதிரை, கோப்பை, துவாய், கொளுக்கி எல்லாம் இந்த எண்ணிலிருந்துதான் வரும். ஆறு பேர் படுக்கலாம் என்று சொல்லிவிட்டு நான்கு கதிரை மட்டும் போடுவது நான் அடிக்கடி பார்க்கும் பிழை.

2. வேலைக்கு மாதம் குறியுங்கள்

நம் கரையில் சீசன் ஏப்ரல், மே மாதங்களில் தொடங்கி செப்டெம்பர் வரை போகும். ஒக்டோபருக்குப் பிறகு மழை பிடிக்கும். நவம்பர், டிசம்பர், ஜனவரி மாதங்களில் சுவர் உலராது, மரம் ஊதும், பெயின்ட் பிடிக்காது.

அதனால் வயரிங், பைப், தச்சு வேலையை ஜனவரியில் தொடங்குங்கள். பூச்சு வேலையும் பெயின்டும் பெப்ரவரி கடைசியில் இருந்து மார்ச்சுக்குள் முடியட்டும். ஏப்ரல் முதல் இரண்டு கிழமை ஒத்திகைக்கு. டிசம்பர் விடுமுறைக்குத் திறக்கவேண்டும் என்று நவம்பரில் பெயின்ட் அடித்த ஒரு வீட்டில், பெப்ரவரி வந்தபோது சுவர் முழுக்கக் கொப்புளம்.

3. வெறும் வீட்டில் ஓர் இரவு படுங்கள்

ஒரு சாமானும் வாங்குவதற்கு முன் பாயும் தலையணையும் எடுத்துக்கொண்டு போய் அங்கே படுங்கள். காலை எந்த யன்னலால் வெயில் முகத்தில் விழுகிறது, நுளம்பு எங்கிருந்து வருகிறது, தெருவிளக்கு எந்த அறைக்குள் அடிக்கிறது, இரவு மோட்டர் போட்டால் எந்த அறையில் சத்தம் என்று பகலில் வந்து பார்த்தால் தெரியாது.

நம் பக்கத்தில் கடல் கிழக்கே. கடல் பார்த்த அறையில் 6 மணிக்கே வெளிச்சம் கொட்டும். விடுமுறைக்கு வந்தவர் அந்த நேரத்தில் எழும்ப விரும்பமாட்டார், ஆகவே அந்த அறைக்குக் கனத்த இரட்டைத் திரை வேண்டும். மேற்குச் சுவர் கச்சான் காற்று வீசும் காலத்தில் இரவு 9 மணிக்கும் சூடாக இருக்கும். கட்டிலின் தலைமாட்டை அந்தச் சுவரில் வைக்காதீர்கள்.

விடிந்ததும் அளவெடுங்கள். பிறகு சோக்கட்டியால் கட்டில், மேசை, அலுமாரியின் அளவைத் தரையிலேயே வரையுங்கள். கட்டிலின் இரண்டு பக்கமும் குறைந்தது 2 அடி நடக்க இடம் வேண்டும். ஒரு பக்கம் சுவரோடு ஒட்டினால் விரிப்பு மாற்றுபவர் கட்டிலில் ஏறி நின்றுதான் மாற்றவேண்டும். உள்ளே படுப்பவர் மற்றவரைத் தாண்டித்தான் இறங்கவேண்டும். வரைந்து பார்த்தபோது இடம் போதவில்லை என்றால் கட்டிலைச் சின்னதாக்காதீர்கள், அலுமாரியை எடுத்துவிடுங்கள். இரண்டு நாள் தங்குபவருக்கு அலுமாரி தேவையில்லை. சுவரில் ஒரு தடியும் ஆறு ஹேங்கரும் பெட்டி வைக்க ஒரு வாங்கும் போதும்.

4. சுவருக்குள் போகிற வேலையை முதலில் முடியுங்கள்

வயரும் பைப்பும் சுவருக்குள் போகிறவை. பெயின்டுக்குப் பிறகு நினைவுக்கு வந்தால் திரும்ப உடைக்கவேண்டும். இதைத்தான் புதியவர்கள் அதிகம் தவறவிடுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பிளக்: கட்டிலின் இரண்டு பக்கமும் தலைக்குப் பக்கத்தில் ஒவ்வொன்று. 13 ஆம்பியர் சதுர முனை வகையே போடுங்கள், பழைய வட்ட முனைப் பிளக்குகளை இந்தத் தருணத்திலேயே மாற்றிவிடுங்கள். கட்டிலின் மரத்துக்குப் பின்னால் மறைந்து போகாமல் பக்கத்து மேசைக்குச் சற்று மேலே இருக்கட்டும். ஒரு பிளக் மட்டும் இருக்கிற அறையில் வந்தவர்கள் எக்ஸ்டென்ஷன் வயரைத் தரையில் இழுப்பார்கள், ஈரக் காலோடு அதை மிதிப்பார்கள்.

ட்ரிப் சுவிட்ச்: 30 மில்லி ஆம்பியர் வகை கட்டாயம். எர்த் சரியாக இருக்கிறதா என்று வயரிங்காரரைக் கருவி வைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள். கடற்கரை வீட்டில் ஈரம் இல்லாத இடமே இல்லை.

ஏசி: 10 அடிக்கு 12 அடி அறைக்கு 9,000 பிடியூ (ஏசியின் குளிரூட்டும் திறனைச் சொல்லும் அளவு) போதும். மேற்குச் சுவரோ மேலே சீற் கூரையோ இருந்தால் 12,000. உள் அலகின் காற்று கட்டிலின் மேல் நேரே விழாமல் பக்கவாட்டில் போகட்டும். வெளி அலகைக் கடல் பார்த்த சுவரில் மாட்டாதீர்கள். மறுபக்கச் சுவரில், கை எட்டும் உயரத்தில் வையுங்கள், நல்ல தண்ணீரால் கழுவிவிடலாம். எட்டாத உயரத்தில் இருந்தால் ஒருவரும் கழுவமாட்டார்கள், உப்பு கொயிலைத் தின்றுவிடும். ஏசி இருந்தாலும் காற்றாடி வேண்டும். மின்சாரம் போனால் சின்ன இன்வேர்ட்டரில் காற்றாடியும் இரண்டு பல்புகளும் ஓடும், ஏசி ஓடாது.

தண்ணீர்: கிணற்றுத் தண்ணீரையோ குழாய்க் கிணற்றுத் தண்ணீரையோ ஒரு வெள்ளை வாளியில் பிடித்து இரவு முழுக்க வைத்துவிடுங்கள். காலையில் அடியில் செம்மஞ்சள் படிந்திருந்தால் இரும்பு இருக்கிறது. அந்தத் தண்ணீரில் தோய்த்தால் வெள்ளை விரிப்பு ஒரு மாதத்தில் மஞ்சளாகும், குளியலறைச் சுவரில் கோடு விழும். இரும்பு வடிகட்டிக்கு இடமும் பைப்பும் இப்போதே விடுங்கள்.

குளியலறைத் தரை: தண்ணீர் போகும் வாய்க்கு 8 அடிக்கு 1 அங்குலமாவது சரிவு வேண்டும். டைல் ஒட்டுவதற்கு முன் மேசன் பக்கத்தில் நிற்கவே ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். தேங்கினால் அன்றே திருத்துவார். டைலுக்குப் பிறகு அது திருத்த முடியாத குறை.

5. உப்புக் காற்று தின்னாத சாமானைத் தெரிவு செய்யுங்கள்

கடலிலிருந்து சில நூறு மீற்றருக்குள் இருந்தால் வழக்கமான இரும்பு ஒரு மழைக்காலத்தைத் தாங்காது. பிணைச்சல், தாழ்ப்பாள், திரைத் தடி, துவாய்க் கொளுக்கி எல்லாம் முதலில் போகும்.

எவர்சில்வரில் 304 என்று ஒரு வகை உண்டு. அதிலும் கடற்காற்றில் பழுப்புப் புள்ளி விழும். வெளியே மாட்டுபவைக்கு 316 வகை கேட்டு வாங்குங்கள், அதில் மொலிப்டினம் சேர்ந்திருப்பதால் உப்பைத் தாங்கும். உள்ளே 304 போதும், கிழமைக்கு ஒருதரம் துடைக்கச் சொல்லுங்கள். திரைத் தடிக்கு மரமே நல்லது. யன்னல் சட்டத்துக்குப் பவுடர் பூச்சு அலுமினியம்.

மரத்தில் முதிரையும் தேக்கும் நம் ஊரில் காலங்காலமாக நிற்பவை. பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கிற கதவு, வளை மரங்களை ஓடாவியாரிடம் கொடுத்துக் கட்டிலும் மேசையும் செய்விப்பது கடையில் புதிதாக வாங்குவதைவிட நல்லது என்பது என் அனுபவம். அந்த மரம் நன்றாக உலர்ந்து தன் அசைவெல்லாம் முடித்துவிட்டது. இனிக் கோணாது. மரத்தூள் அமுக்கிச் செய்த பலகைச் சாமான்களைத் தொடவே வேண்டாம். ஒரு மாரியில் ஓரம் ஊதி, உரிந்துவிடும்.

6. சுவரும் தரையும்

புதுப் பூச்சுச் சுவருக்கு நான்கு வாரமாவது காயப் பொறுங்கள். பழைய சுவரில் ஈரம் இருக்கிறதா என்று அறிய ஒன்றரை அடிச் சதுரப் பொலித்தீனை நான்கு பக்கமும் டேப்பால் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உட்பக்கம் நீர்த்துளி கோத்திருந்தால் சுவர் இன்னும் தயாராகவில்லை. உப்புப் பூத்த இடத்தைத் தண்ணீரால் கழுவாமல் உலர்ந்த தூரிகையால் தட்டி எடுத்துவிட்டு, சீமெந்துக் காரம் தாங்கும் சீலர் (பெயின்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) அடித்து, பிறகு நிறம் அடியுங்கள். சீலரை மிச்சம் பிடித்தால் அடுத்த ஆண்டு முழு அறைக்கும் திரும்ப அடிக்கவேண்டி வரும்.

நிறம் எது என்று என்னிடம் கேட்டால், வீடு முழுவதும் ஒரே வெள்ளை கலந்த மணல் நிறம் என்பேன். காரணம், பெட்டி உரசிய இடத்தை 3 மணி நேரத்துக்குள் தொட்டுப் பூசினால் தெரியக்கூடாது. அறைக்கு அறை வேறு நிறம் என்றால் நான்கு டப்பாக்கள் வைத்திருக்கவேண்டும். தண்ணீரால் துடைக்கக்கூடிய வகையை வாங்குங்கள். ஒரு லீற்றர் மிச்சம் வைத்து, நிற எண்ணை மூடியில் எழுதுங்கள்.

தரை பழைய சிவப்புச் சீமெந்தாக இருந்தால் தயவுசெய்து அதை உடைத்து டைல் போடாதீர்கள். காலுக்குக் குளிர்ச்சி, மணல் விழுந்தாலும் ஒரு கூட்டில் போய்விடும், படத்திலும் அழகு. ஒரே ஒரு கவனம்: சிவப்பு மெழுகு போடவேண்டாம், ஈரக் காலில் ஒட்டி வெள்ளைத் துவாயில் ஏறும். நிறமில்லாத மெழுகு போடுங்கள். புதிதாக டைல் போடுவதென்றால் பளபளப்பில்லாத, வழுக்காத வகை. ஈரக்காலோடு ஓடுகிற பிள்ளைகளை நினைத்து வாங்குங்கள்.

7. கட்டில், மெத்தை, நுளம்பு வலை

காசு முழுவதையும் ஒரே இடத்தில் போடவேண்டும் என்றால் இங்கே போடுங்கள். திரை அழகாக இல்லை என்று ஒருவரும் குறை எழுதுவதில்லை. தூக்கம் வரவில்லை என்று எழுதுவார்கள்.

நீளம்: நம் ஊர்க் கட்டில் பெரும்பாலும் 72 அங்குலம், அதாவது 6 அடி. ஆறே கால் அடி உயரமான ஒருவர் அதில் படுத்தால் கால் வெளியே தொங்கும். 78 அங்குல நீளம் செய்விக்கச் சொல்லுங்கள், மெத்தையும் அதே நீளத்தில் கேளுங்கள். கால்மாட்டில் உயர்ந்த பலகை வேண்டாம்.

அடிப்பகுதி: ஒன்று, தும்புத்தடி தாராளமாகப் போகிற உயரம் வேண்டும், 8 அங்குலத்துக்கு மேல். இல்லாவிட்டால் தரையோடு முற்றாக மூடியிருக்கவேண்டும். நடுத்தரமாக 3 அங்குல இடைவெளி விட்டால் மணலும் காலுறையும் உள்ளே போய்த் தங்கும். என் முதல் வீட்டில் துப்புரவுக்கு வந்த அக்கா முதல் நாளே சொன்னார்: "இந்தக் கட்டிலுக்குக் கீழ தும்புத்தடி போகுதில்ல மனே, ஒவ்வொரு நாளும் இதத் தூக்கிக் கூட்ட ஏலாது." அடுத்த மாதம் எல்லாக் கட்டில்களுக்கும் கால் உயர்த்தினேன்.

மெத்தை: எல்லா அறைக்கும் ஒரே அளவு, ஒரே வகை. அப்போதுதான் விரிப்பு எந்த அறைக்கும் பொருந்தும். கொஞ்சம் கடினமான மெத்தை எல்லா உடம்புக்கும் ஒத்துப்போகும். மெத்தைக்கு மேல் தண்ணீர் புகாத உறை கட்டாயம், ஆனால் பொலித்தீன் வகை வேண்டாம். அது சத்தம் போடும், முதுகு வேர்க்கும். மேலே பருத்தி, அடியில் மெல்லிய காப்பு உள்ள வகை கிடைக்கிறது. ஒரு மெத்தைக்கு இரண்டு உறை வாங்குங்கள்.

நுளம்பு வலை: இங்கே எல்லோரும் மாட்டிக்கொள்கிற சிக்கல் ஒன்று இருக்கிறது. கூரையில் இருந்து கூம்பாகத் தொங்கும் வலை படத்தில் அழகாக இருக்கும். ஆனால் அது தொங்கவேண்டிய இடத்தில்தான் காற்றாடி இருக்கிறது. வலையைக் கட்டினால் காற்றாடி போடமுடியாது, காற்றாடி போட்டால் வலை சுற்றிக்கொள்ளும்.

இதற்குத் தீர்வு கட்டில் செய்யும்போதே நான்கு மூலையிலும் தடி நிறுத்துவது. தரையிலிருந்து ஆறரை அடி உயரத்தில் சட்டம் வைத்து, பெட்டி வடிவ வலையை அதில் கட்டுங்கள். காற்றாடியின் இதழ் அதற்கு மேலே, 8 அடிக்குக் குறையாமல் இருக்கட்டும். இதனால்தான் கட்டிலுக்குச் சொல்வதற்கு முன் கூரையின் உயரத்தையும் அளந்துகொள்ளவேண்டும்.

வலையின் கண் சிறிதாக இருக்கவேண்டும், சதுர அங்குலத்துக்கு 156 கண் என்பது வழக்கமான தரம். இரண்டு வலைகள் வாங்கி மாறி மாறித் தோயுங்கள். யன்னலுக்கும் வலை அடியுங்கள். இரும்பு வலை துருப்பிடித்துக் கிழியும், ஃபைபர் வகை நிற்கும். டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது, கட்டில் வலை மட்டும் அதற்குப் போதாது.

8. விரிப்பு, துவாய், திரை

ஒரு கட்டிலுக்கு மூன்று செட். ஒன்று கட்டிலில், ஒன்று தோய்ப்பில், ஒன்று அலுமாரியில். இரண்டு செட்டோடு தொடங்கியவர்கள் முதல் மழை நாளில் ஈர விரிப்போடு தவிப்பார்கள். மழைக்காலத்துக்கும் சேர்த்து ஓடுவதென்றால் நான்கு.

நிறம் வெள்ளை. அழுக்குத் தெரியுமே என்று பயப்படுவார்கள். தெரிவதுதான் நல்லது, வருகிறவருக்கு நம்பிக்கை வரும். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுச் சூடு தண்ணீரில் தோய்க்கலாம். ஒன்று கிழிந்தால் மற்றொன்றோடு சேரும். ஆனால் இரும்புத் தண்ணீரில் குளோரின் வெளுப்பான் போடவே கூடாது, தண்ணீரில் கரைந்திருக்கும் இரும்பு துருவாக மாறி நூலில் பதிந்துவிடும். மஞ்சள் போகவில்லை என்று இன்னும் கொஞ்சம் ஊற்றுவார்கள், இன்னும் மஞ்சளாகும்.

துவாயைத் தலைக்கு இரண்டு என்று கணக்கு வையுங்கள், குளிக்க ஒன்று, கடலுக்கு ஒன்று. கடல் துவாயைக் கடும் நிறத்தில் வாங்குங்கள். தனியாக இல்லாவிட்டால் வெள்ளைத் துவாய்தான் மணலுக்குப் போகும்.

வெள்ளைக் கட்டிலுக்கு நிறம் கொடுக்க மருதமுனைக் கைத்தறியைவிட எனக்கு வேறு தெரியாது. கால்மாட்டில் விரிக்க ஒரு நீளத் துண்டு, இரண்டு சின்ன மெத்தைகளுக்கு (குஷன்) உறை, கதிரைக்கு உறை. தைப்பதற்கு முன் துணியை இரண்டு தரம் தனியாகத் தோயுங்கள். பருத்தி சுருங்கும், நிறமும் முதலில் விடும். தோய்க்காமல் தைத்த உறைகள் ஒரு மாதத்தில் மூடமுடியாமல் போகும். கால்மாட்டுத் துண்டை எளிதாகத் தோய்க்கக்கூடிய கனத்தில் வாங்குங்கள், பெட்டியை அதன் மேல்தான் வைப்பார்கள்.

திரைக்கு வெல்வெட் வேண்டாம், தூசும் ஈரமும் பிடிக்கும். கனத்த பருத்திக்குப் பின் வெளிச்சம் மறைக்கும் உள்துணி. தரையில் இருந்து 1 அங்குலம் உயர்ந்து நிற்கட்டும்.

9. வெளிச்சம்

நம் வீடுகளில் ஒரே வெள்ளை டியூப் நடுவில் எரிகிறது. கணக்குப் பார்க்க அது சரி, ஓய்வெடுக்க அல்ல. பல்ப் பெட்டியில் K என்ற எழுத்தோடு உள்ள எண்ணைப் பாருங்கள். 6500 என்றால் நீல வெள்ளை, 2700 அல்லது 3000 என்றால் மஞ்சள். படுக்கையறைக்கும் விறாந்தைக்கும் மஞ்சள், குசினிக்கும் கண்ணாடிக்கும் 4000. ஒரே அறையில் இரண்டையும் கலக்காதீர்கள். விறாந்தையில் மஞ்சள் பல்புக்குப் பூச்சியும் குறைவாக வரும்.

படுத்தபடியே அணைக்கும் சுவிட்ச் வேண்டும். அதற்கு டூ வே சுவிட்ச், அதாவது ஒரே விளக்கை இரண்டு இடத்திலிருந்து போட்டு அணைக்கும் சுவிட்ச், வயரிங் நேரத்திலேயே போடவேண்டும். படியிலும் குளியலறை வழியிலும் இரவு முழுக்க எரிய ஒரு சின்ன விளக்கு. வந்தவருக்கு வீடு புதிது.

10. குளியலறை

கொளுக்கி தலைக்கு இரண்டு. எண்ணிப் போடுங்கள், கொளுக்கி இல்லாத ஈரத் துவாய் மரக் கதிரையில்தான் விழும்.

கதவு மரமாக வேண்டாம், அடி உளுத்துவிடும். உயரத்தில் காற்றுப் போக ஒரு துவாரம். சவர்க்காரத்துக்கு, ஷாம்புவுக்குச் சுவரில் மாட்டிய போத்தல். கழிவறைக்குப் பக்கத்தில் கைத்தூவி கட்டாயம், நம்மவர்களும் முஸ்லிம் குடும்பங்களும் அதில்லாமல் சிரமப்படுவார்கள்.

வாசலுக்கு வெளியே காலளவு உயரத்தில் ஒரு குழாய், இடம் இருந்தால் ஒரு வெளிக் குளிப்பு. மணல் இங்கேயே கழுவுப்பட்டால் உள்ளே கான் அடைக்காது. இந்த ஒரு குழாயால் துப்புரவு நேரத்தில் அரை மணி மிச்சமாகும் என்று அளந்தே பார்த்திருக்கிறேன்.

11. குசினி

நண்டும் இறாலும் சந்தையில் பார்த்தால் வந்தவர்கள் வாங்காமல் இருக்கமாட்டார்கள். அதனால் பெரிய சட்டி ஒன்று, மீனுக்குத் தனிப் பலகை, நல்ல கத்தி, திருவலை, ரைஸ் குக்கர், கேத்தல். முடிந்தால் மீன் கழுவ வளவில் ஒரு தொட்டி.

சைவச் சட்டியைத் தனியாக வைத்து அடையாளம் போடுங்கள். ஹலால் குறித்துக் கேட்பவருக்கு என்ன சட்டியில் என்ன சமைத்தது என்று உண்மையைச் சொல்லுங்கள். புதுச் சட்டி ஒன்றை ஒதுக்கி வைப்பது அதைவிட நல்லது.

கோப்பை, பீங்கான் எல்லாம் ஒரே வெள்ளை. ஆறு பேருக்கு எட்டு. உடைந்தால் அதே வகை கடையில் கிடைக்கவேண்டும். எரிவாயு சிலிண்டர் வெளியே, நிழலில். உங்கள் சொந்தச் சாமான்களுக்குப் பூட்டிய ஓர் அலுமாரி, அறைகளுக்கு வெளியே.

12. விறாந்தை

சோபாவுக்குப் போகும் காசை இங்கே கொண்டு வாருங்கள். வந்தவர்கள் விழித்திருக்கும் நேரத்தில் பாதி விறாந்தையில்தான் போகிறது. மரச் சாய்மனைக் கதிரைகள், தலைக்கு ஒன்று, நடுவில் தேத்தண்ணி வைக்கச் சின்ன மேசை. கண்ணாடி மேசை வேண்டாம், உப்பும் விரல் அடையாளமும் துடைத்துத் தீராது.

வாசலில் செருப்புத் தட்டு. துணி உலர்த்த, படத்தில் விழாத பக்கத்தில் ஒரு கொடி. அறுகம்பே வீடு என்றால் 10 அடிச் சுவரில் துணி சுற்றிய பலகைத் தாங்கி, நேர் வெயில் படாத இடத்தில்.

13. அலங்காரம் கடைசியில், குறைவாக

இப்போது வீட்டைச் சுற்றிப் பாருங்கள். வெறுமையாகத் தெரியும் மூன்று இடங்களை மட்டும் நிரப்புங்கள். சுவரில் ஒரு பன்பாய், பனையோலைப் பெட்டி ஒன்று, வாவியில் விடியற்காலை எடுத்த ஒரு படம். பன்பாயை மழைக்காலத்தில் கழற்றி வெயிலில் போடவேண்டும், பூஞ்சை பிடிக்கும்.

சிலவற்றை வைக்கவே கூடாது. போத்தல் தண்ணீரில் வளர்க்கும் மணிப்பிளான்ட், தட்டில் தண்ணீர் நிற்கும் பூச்சாடி: நுளம்பு அங்கேதான் முட்டையிடும். பவளப் பாறைத் துண்டு, ஆமை ஓடு: சட்டப்படி குற்றம், அது கடலில் இருக்கவேண்டியது. புத்தர் சிலையை அலங்காரமாக வைப்பது பலர் மனதைப் புண்படுத்தும், சிக்கலிலும் விடும். உங்கள் சாமி அறையைப் பூட்டி மரியாதையோடு தனியாக வையுங்கள். முஸ்லிம் குடும்பங்களுக்கு ஒரு தொழுகைப் பாயும், அறை மூலையில் கிப்லா அடையாளமும் போதும். நம் ஊரிலிருந்து அது மேற்கில் சற்று வடக்கே சாய்ந்து வரும்.

கதவுக்குப் பின்னால் ஒட்டவேண்டிய ஒரு தாள் உண்டு. கல்லடி, நாவலடி போல ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி இருக்கிற நிலத்தில் எந்த வழியால் வெளியேறுவது என்று வந்தவருக்குத் தெரியாது. 2004 டிசம்பர் 26 சுனாமி நமக்குத் தெரியும். வீட்டிலிருந்து மேட்டுக்கோ உள்ளூருக்கோ போகும் பாதையை வரைந்து, மூன்று மொழியிலும் எழுதி, கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டுங்கள். தீயணைப்பான் குசினி வாசலில்.

14. ஒத்திகை பார்த்துப் பிறகு படம் எடுங்கள்

உறவினர் குடும்பம் ஒன்றை இரண்டு இரவு தங்க வையுங்கள். பணம் வேண்டாம், ஒரு கொப்பியைக் கொடுத்து என்ன தேடினார்கள், எது கிடைக்கவில்லை என்று எழுதச் சொல்லுங்கள். நேரில் கேட்டால் "எல்லாம் நல்லா இருக்கு" என்றுதான் சொல்வார்கள்.

அவர்கள் புறப்பட்டதும் மணி பார்த்துத் துப்புரவைத் தொடங்கச் சொல்லுங்கள். நீங்களும் கூட நில்லுங்கள். எந்தப் பொருள் நேரத்தைத் தின்கிறது என்று குறியுங்கள். 3 மணி நேரம் தாண்டினால் ஆளைக் கூட்டுவதற்கு முன் அந்தப் பொருளை எடுத்துவிடுங்கள். பொத்துவிலில் ஒரு வீட்டில் இப்படிக் கணக்குப் பார்த்தபோது இரண்டு தரை விரிப்பு, ஒரு கண்ணாடி அலுமாரி, பதினொரு சின்ன மெத்தைகள் வெளியே போயின. நான்கு மணி நேரம் இரண்டரையானது.

படத்தைக் கடைசியாக, துப்புரவு முடிந்த வீட்டில் எடுங்கள். கடல் பார்த்த அறைக்குக் காலை 8 மணி வெளிச்சம், மேற்கு அறைக்குப் பிற்பகல் 4 மணி. திரையைத் திறந்து, மூலையில் நின்று, நெஞ்சு உயரத்தில், கமராவைக் குறுக்காகப் பிடித்து எடுங்கள். அறையைப் பெரிதாகக் காட்டும் லென்ஸ் போடாதீர்கள், வந்து பார்த்தவர் முதல் நிமிடமே ஏமாந்துபோவார். குளியலறையையும் குசினியையும் சேர்த்து எடுங்கள். கட்டிலின் நீளத்தையும் எத்தனை படி ஏறவேண்டும் என்பதையும் படத்துக்குக் கீழே எழுதுங்கள், பாட்டியோடு வருபவர் முதலில் தேடுவது அதைத்தான்.